பெரியம்மா பைப் பழகினது

குட்மேய்ஸ்
9.2.2025

என்ர ராசா யனுஷனுக்கு,

ஆர்ச்வே கோயில் முருகன் உன்னைக் காக்க. பெரியம்மா எழுதிறன். நீ என்ர நம்பரை புளொக் பண்ணி ஒண்டரை வருசம். வெம்பிளிக்கு வந்து தட்டினாலும் கதவு திறக்கமாட்டாய். அதாலதான் கடிதம்.

ஒரு புதினம். நான் பாக்பைப் பழகிறன், ஸ்கொட்லாந்து ஆக்கள் பையை அமத்தி ஊதிற குழல். சிரிக்காதை! ஞாயிறு பத்து மணிக்கு இல்பேர்டில ஒரு சேர்ச் ஹோலில வகுப்பு. ஏழு மாதம் சின்னக் குழல்தான் ஊதினன், போன கிழமைதான் பை தந்தவை. ஆட்டுத்தோல் எண்டா தொடமாட்டன் எண்டு சொல்லி, தோல் இல்லாத பையா எடுத்தன். கக்கத்தில வைச்சு அமத்தத் தலை சுத்துது. பெரியப்பா கேக்கிறார், "சந்திரா, உள்ளுக்க ஆரையடி கொல்லுறாய்?" எண்டு.

ஏன் எண்டு உனக்குத் தெரியும். நீ விரும்பின கேர்ஸ்டியின்ர தகப்பன் பைப் ஊதிறவர். பைப் இல்லாமல் தங்கட ஆக்களுக்குக் கலியாணமே இல்லை எண்டு அந்தப் பிள்ளை என்ர குசினியில நிண்டு சொன்னது. நான்தான் அவளின்ர பிறப்புப் பத்திரத்தை வாங்கிச் சாத்திரியாரிட்டைக் காட்டினன். எட்டில செவ்வாய் எண்டார். அவளுக்கே போன் எடுத்து, "நீ கட்டினா என்ர பிள்ளை செத்துப்போவான்" எண்டு சொன்னன். தாயில்லாத உன்னை நாலு வயசில இருந்து வளர்த்த பயம், ராசா. அவளும் இன்வர்னெஸ்க்குப் போயிட்டாள்.

அவளைக் கூப்பிடு. பரிகாரம் நான் செய்விக்கிறன். கலியாணத்தில நானே முன்னுக்கு ஊதிக்கொண்டு வாறன்.

உன்ர பெரியம்மா
சந்திரவதனா


வெம்பிளி
2.3.2025

பெரியம்மா,

கேர்ஸ்டி போன ஒக்டோபர் கலியாணம் கட்டிட்டா. படம் பாத்தன். தகப்பன்தான் ஊதிக்கொண்டு போறார். எனக்காகப் பழகிறதெண்டா நிப்பாட்டுங்கோ. பெரியப்பாவைக் கேட்டதாச் சொல்லுங்கோ.

யனுஷன்


குட்மேய்ஸ்
4.4.2025

என்ர ராசா,

நீ சொன்ன பிறகும் வகுப்புக்குப் போனன். ஊதேக்கை மட்டும்தான் எனக்கு அழ ஏலாது, மூச்சுக் காணாது.

போன ஞாயிறு போறன், வகுப்பு முடிஞ்சு எல்லாரும் பெட்டி பூட்டிக்கொண்டு நிக்கினம். என்னோட படிக்கிற எமில்டா சிரிக்கிறாள், "அக்கா, சமர் ரைம் வந்திட்டுது, மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளேல்லையோ?" எண்டு. நானும் சிரிச்சன். பஸ்ஸில ஏறி இருந்த பிறகுதான் எனக்கு விளங்கிச்சுது.

கேர்ஸ்டி பிறந்தது ஜூலை. பத்திரத்தில கிடந்ததும் ஒரு மணித்தியாலம் கூட்டி வைச்ச சமர் ரைம். அதில ஒரு மணித்தியாலம் கழிச்செல்லோ சாத்திரியாருக்குச் சொல்லியிருக்கவேணும்? நான் கழிக்கேல்லை. இறங்கி நேர அவரிட்டை ஓடினன். திருப்பிக் கணிச்சார். லக்கினமே வேற. செவ்வாய் எட்டில இல்லை. தோஷமே இல்லை. "நீங்கள் தந்த நேரத்தைத்தானே அம்மா போட்டனான்" எண்டார்.

உனக்குச் சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனா மறைச்சு வைச்சுக்கொண்டு முருகனுக்கு முன்னால நிக்க ஏலாது. ஒண்டுமில்லாத ஒண்டுக்கு உன்ர வாழ்க்கையைக் கெடுத்திட்டன். சோறு இறங்குதில்லை. வந்து ஏசு, அடி, ஒருக்கா வா மோனை.

பெரியம்மா


வெம்பிளி
20.4.2025

பெரியம்மா,

கடிதத்தை நாலு தரம் வாசிச்சன். ஒரு மணித்தியாலம் பிழைச்சுப்போச்செண்டு அழுறியள். உங்கட போனை வைச்சிட்டு கேர்ஸ்டி நடுங்கின நடுக்கத்துக்கு நீங்கள் அழேல்லை. நேரம் சரியா இருந்திருந்தா இண்டைக்கும் உங்களுக்குச் சோறு இறங்கும்.

நான் வரேல்லை.

யனுஷன்