கேசட்டில் அப்பாவுக்குக் கேட்காதது

என் கண்ணு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதப் போய் கை நின்றுவிட்டது, முக்கால் நலம் என்று வைத்துக்கொள். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய், பேசினால் நான் அழுதுவிடுவேன், அப்புறம் நீ அங்கே பதறுவாய். அதனால்தான் கடிதம். பாதியில் நிறுத்தி எனக்குப் போன் போடாமல் கடைசிவரை படி.

அப்பாவோடு பேஸ் கிட்டார் வாசித்த ஒல்லி மாமாவை உனக்கு ஞாபகம் இருக்கும், இப்போது நம் வாசற்படியில் பக்கவாட்டில்தான் நுழைகிறார், பேர் மட்டும் இன்னும் ஒல்லிதான். அவர் வீடு மாற்றும்போது பரணில் ஒரு கேசட் கிடைத்ததாம். கல்யாணத்துக்கு முன்னால் டயர் கடைக்குப் பின்பக்கக் கொட்டகையில் இவர்கள் நாலு பேரும் இங்கிலீஷ் ராக் பாட்டுகளை வாசித்துக் காதைப் பிளந்தார்களே, அந்த ஒத்திகையை யாரோ பதிவு செய்தது. மாமா அதைப் போனில் ஏற்றிக்கொண்டு போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். அப்பாவுக்கு ஒரே குஷி, டீபாயையே டிரம்ஸாக்கித் தட்ட ஆரம்பித்துவிட்டார். கிட்டார் சுருதி சேரவே இல்லை, பாடினவருக்குப் பாதிப் பாட்டில் வரி மறந்து வெறும் ஊளைதான், இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திடீரென்று அப்பா முகம் மாறி, “என் சிம்பல் சத்தத்தை எவன்டா அழிச்சான்?” என்று கேட்டார். மாமா கேலி என்று நினைத்தார். எனக்கு அந்தப் பித்தளைத் தட்டுச் சத்தம் சமையலறை வரைக்கும் சலசலவென்று கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அப்புறம்தான் அந்த இடம் வந்தது. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நான் மதில் மேல் ஏறி, “மனுஷங்க படிக்க வேணாமா, நிறுத்துறீங்களா இல்லையா!” என்று கத்தினேன் என்று உன் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அப்பா சொல்லிச் சிரிப்பாரே, அந்தக் கத்தல் கேசட்டில் அப்படியே இருக்கிறது, கண்ணு. என் பத்தொன்பது வயசுக் குரல். மாமா தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அப்பா அவர் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், அதற்குப் பிறகு சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, “உன் குரல் எப்ப வரும்?” என்று என்னிடம் கேட்டார். வந்து போச்சு என்று எப்படிச் சொல்வேன். கடைசியில் கேசட்டைப் போனில் ஏற்றினது சரியில்லை என்று மாமாவோடு சண்டை, அந்த மனுஷன் டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அன்றிலிருந்துதான் நான் கவனிக்க ஆரம்பித்தேன். அழைப்பு மணி அடித்தால் எழுந்திருக்க மாட்டார், டிவி அலறும், சோம்பேறித்தனம் என்று நானும் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் வீட்டில் கேட்காவிட்டால் என்ன போகிறது, மனுஷன் ஓட்டுவது பள்ளிக்கூட வேன் ஆயிற்றே. அதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை. பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாவைக் கடைத்தெருவில் பிடித்துக் கேட்டேன். முதலில் மழுப்பினாள். அப்புறம் கண் கலங்கிவிட்டாள். ஒரு சின்னப் பெண்ணின் பை கதவில் மாட்டிக்கொண்டதாம், அது கத்தியிருக்கிறது, இவளும் கத்தியிருக்கிறாள், வேன் நகர்ந்துவிட்டது. தகரத்தில் ஓங்கி அடித்த பிறகுதான் நின்றதாம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, சாமி புண்ணியம். “அண்ணனுக்கு வேலை போயிடுமேன்னுதான் அக்கா யார்கிட்டயும் சொல்லல” என்றாள். நான் என்னத்தைச் சொல்ல, பை கிழிந்ததோடு போயிற்று, அதுவே கையாக இருந்திருந்தால்?

வீட்டுக்கு வந்து கேட்டேன், வந்ததே கோபம். “எஞ்சின்ல ஒரு நட்டு லூசானாக்கூட எனக்குத் தெரியும், என் காதுக்கு என்ன கேடு?” என்று கத்திவிட்டுப் பேச்சையே நிறுத்திவிட்டார். நட்டு லூசானது தெரியும்தான், அந்தக் கடகட சத்தமெல்லாம் அவருக்கு நன்றாகவே கேட்கிறது. மறுநாள் காலை அவர் கிளம்பும்போது நானும் போய் வேனில் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். இறங்கு என்றார், இறங்கவில்லை. பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்னால், அந்த நீளமான காலித் தெருவில், “நிறுத்துங்க” என்றேன். வேன் போய்க்கொண்டே இருந்தது. மறுபடி சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். கடைசியில் என்ன நினைத்தாரோ, கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்தார், என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டார். ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். “எத்தனை தடவை கூப்பிட்ட?” என்று கேட்டார். ஒரு தடவைதான் என்றேன். பொய்தான், வேறென்ன சொல்லட்டும். அவருக்கும் அது பொய் என்று தெரியும். அங்கேயே முதலாளிக்குப் போன் போட்டு வேறு டிரைவரை அனுப்பச் சொல்லிவிட்டு, சாவியை என் கையில் கொடுத்தார். அந்தச் சாவி எனக்கு அவ்வளவு கனமாக இருந்தது.

காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்கள் என்றார்கள். வெளியே நின்ற எனக்கு அவர் விரலைப் பார்க்கத்தான் தைரியம் இருந்தது, ரொம்ப நேரம் அந்த விரல் அசையவே இல்லை. மெல்லிசான, உச்சத்திலுள்ள சத்தமெல்லாம் இரண்டு காதிலும் போய்விட்டதாம், பொம்பளைங்க குரலும் குழந்தைங்க குரலும்தான் ரொம்பத் தடுமாறுமாம், அதிலும் போனில் ரொம்ப மோசமாம். மெஷின் வைத்தால் ஓரளவு சரியாகும் என்றார். ஆனால் வலது காது இடதைவிட அதிகமாகக் கெட்டிருப்பதால், உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்று ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது என்றுதான் அவரும் சொன்னார். அந்தப் பெரும்பாலும் என்ற ஒரு வார்த்தைதான் என்னைப் போட்டு அரிக்கிறது. வருகிற வியாழக்கிழமை ஸ்கேன், ஒல்லி மாமா காரில் கூட்டிப்போகிறார். சண்டையெல்லாம் ஒன்றுமில்லை, விஷயம் தெரிந்ததும் ஓடி வந்துவிட்டார்.

இனிமேல்தான் உனக்கான விஷயம். நீ அங்கேயே தங்கிவிடப் போவதாகச் சொன்னதிலிருந்து அப்பா உன்னோடு சரியாகப் பேசுவதில்லை, இரண்டு வார்த்தையில் போனை என்னிடம் தள்ளிவிடுகிறார் என்று எத்தனை தடவை அழுதிருக்கிறாய். நானும் அது கோபம் என்றுதான் நம்பினேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அவராகவே சொன்னார், “அவ பேசுறது குருவி சத்தம் மாதிரி வருது, வார்த்தை வரல. திரும்பத் திரும்ப என்னன்னு கேட்டா பிள்ளை சலிச்சுக்குமேன்னு உன்கிட்ட குடுத்துடுவேன்” என்று. நீ என்னிடம் சொல்லி அழுததை நான் அப்போதுதான் கேட்டேன், போனில் இன்னும் என்மேல் கோபமாப்பா என்று அவள் கேட்டதற்கு, இங்கயும் மழைதாம்மா என்றீர்களே என்று. அவர் திகைத்துப் போய்விட்டார். “அதையா கேட்டா? அதுக்கா நான் மழைன்னு சொன்னேன்?” என்றார். நம் நிறுத்தம் வந்தும் எழுந்திருக்கவில்லை, நான்தான் கையைப் பிடித்து இறக்கினேன்.

அதனால் நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அன்றைக்குப் போனில் கேட்டதை அவருக்கு எழுதிக் கேள். என் கடிதத்தோடு சேர்த்து வைக்காதே, அவர் பேருக்குத் தனி உறையில் போடு, தபால்காரர் அவரிடமே கொடுக்கட்டும். ஸ்கேனைப் பற்றி அதில் ஒன்றும் எழுதாதே. போன் பேசினால் முகம் தெரிகிற மாதிரி பேசு, நிதானமாகப் பேசு, கத்தாதே, கத்தினால் அவருக்கு அவமானமாக இருக்கிறது. டிக்கெட் போட்டு ஓடி வராதே, ரிப்போர்ட் வரட்டும், வந்த அன்றைக்கே நானே கூப்பிடுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டே தூங்காதே, சொல்லிவிட்டேன்.

நீங்கள் இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் இருக்க வேண்டும். எனக்காக இல்லாவிட்டாலும் வியாழக்கிழமைக்காக ஒரு நிமிடம் கும்பிட்டுக்கொள். அப்பா இப்போது முன்னறையில் மாமா அனுப்பிவைத்த அந்தக் கேசட் பதிவைத்தான் போனில் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் கத்துகிற இடம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அங்கே வந்ததும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறார்.

இப்படிக்கு,
பயந்துகொண்டே தைரியமாக இருக்கும்
உன் அம்மா