நீலக் கேற் வீட்டு விபரங்களை இணையப் பதிவேட்டில் மறைத்துத் தருமாறு கோரல்

அனுப்புபவர்:
சூசைப்பிள்ளை யாகோப்பு,
படகு எஞ்சின் திருத்துநர்,
கடற்கரை வீதி, குருநகர், யாழ்ப்பாணம்.

பெறுபவர்:
பதிவுப் பொறுப்பதிகாரி,
இணையப் பெயர்ப் பதிவு நிலையம், கொழும்பு.

விடயம்: என் கடையின் இணையத்தளப் பெயருக்குக் கொடுத்த மருமகளின் சொந்த விபரங்களை மறைத்தல்

மதிப்புக்குரிய ஐயா,

1. மயிலிட்டி தொடக்கம் மன்னார்வரை என் கை படாத படகு எஞ்சின் இல்லை. ஜப்பானிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்து, நான் வேலை செய்வதைக் கைகட்டி நின்று பார்த்துவிட்டுப் போனார். படிப்பு எட்டாம் வகுப்புடன் நின்றாலும், கொம்பியூட்டரும் ஒரு எஞ்சின்தான் என்பது என் அபிப்பிராயம். ஆகையால் கடந்த தை 12ஆம் திகதி, பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு நெற் கபேயில் அமர்ந்து, எவருடைய உதவியுமின்றி என் கடைக்கு இணையத்தளப் பெயர் ஒன்றைப் பதிவுசெய்தேன்.

2. படிவம் உரிமையாளர் பெயரைக் கேட்டது. படித்த பிள்ளையின் பெயர் எடுப்பாக இருக்கும் என்று, என் தங்கை சிசிலியாவின் மகளும் முன்பள்ளி ஆசிரியையுமான ஜெசிதாவின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அவளைக் கேளாமல் எழுதினேன். முகவரியை, வெளிநாட்டிலிருந்து பார்சல் கொண்டுவருபவருக்கு நாங்கள் எழுதும் முறைப்படி, தேடி அலையத் தேவையில்லாதவாறு எழுதினேன்: “மாதா கோயிலுக்குப் பின் ஒழுங்கை, மூன்றாம் வீடு, நீலக் கேற். தகப்பன் நோர்வேயில். தாயும் மகளும்தான். ஆறு மணிக்குப் பிறகு நிப்பினம்.”

3. இணையத்தில் எவரும் பார்க்காதபடி விபரங்களை மறைப்பதற்குப் படிவத்தில் ஒரு பெட்டியும், அதில் சரி அடையாளமும் இருந்தன. “ஒளிக்கிறதுக்கு நாங்கள் என்ன கள்ளச் சாமானே விக்கிறம்?” என்று பக்கத்துக் கதிரைக்காரருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லி, அந்த அடையாளத்தை எடுத்துவிட்டேன்.

4. மறுநாள் தொடக்கம் ஜெசிதாவுக்கு நாளொன்றுக்கு ஐந்நூறு அழைப்புகள் வந்தன. இணையத்தளம் அமைத்துத் தருவதாகச் சிலர். வேறு கதை கதைத்தோர் சிலர். மாசி 3ஆம் திகதி பின்னேரம் ஆறரைக்கு ஒருவர் அச்சடித்த தாளுடன் கேற்றடியில் நின்று, “பிள்ளை ஜெசிதா, தகப்பன் நோர்வேயில எண்டு கிடக்கு. ஆறு மணிக்குப் பிறகு நிப்பியள் எண்டும் கிடக்கு. கேற்றைத் திறவுங்கோ” என்றிருக்கிறார். சிசிலியா விளக்கை அணைத்துவிட்டு எனக்கு அழைப்பு எடுத்தாள். நான் நாற்பது பேருடன் சென்றேன். ஆள் போய்விட்டார்.

5. அடுத்த நாள் கேற்றுக்குப் பச்சை அடித்தேன். மற்ற விபரங்களுக்கு மேல் அடிக்கக்கூடிய பெயின்ற் என்னிடம் இல்லை. ஜெசிதா சிம்மைக் கழற்றிவிட்டாள். தாயும் மகளும் இருட்டமுன் என் வீட்டுக்கு வந்து படுக்கிறார்கள். இது பெயரைப் பதிந்த கொம்பனி விட்ட பிழை என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன்.

6. விபரத்தை மாற்றுவதற்குத் தங்கள் நிலையம் அனுப்பும் கடிதம், அன்று கபேயில் நான் திறந்த மின்னஞ்சலுக்கே போகிறது. அதன் கடவுச்சொல் எனக்கு ஞாபகமில்லை.

7. ஆகவே ஜெசிதாவின் பெயர், இலக்கம், முகவரி மூன்றையும் நீக்கி, என்னுடையவற்றைப் பதிந்து, மறைக்கும் பெட்டியில் மீண்டும் சரி அடையாளம் இடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பழைய விபரத்தைப் பார்த்து எவராவது வருவதாயின், என் கடைக்கு வரட்டும்.

8. உரிமையாளரின் ஒப்புதல் கட்டாயம் என்று தங்கள் அறிவித்தலில் உள்ளது. அதனால் இம்மனுவை ஜெசிதாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். நான்காம் பந்தியில் ஐந்நூறு அல்ல, பதினேழு என்றாள். நாற்பது பேர் வரவில்லை, மாமா தனியத்தான் சைக்கிளில் வந்தவர் என்றாள். அவள் சொன்னதையே கணக்கில் எடுக்கவும். மூன்றாம் பந்தியை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். ஒப்புதலில் கையெழுத்து வைத்துத் தந்தாள். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை.

தாமதியாது ஆவன செய்வீர்கள் என்ற நம்பிக்கையுடன்,

சூ. யாகோப்பு (ஒப்பம்)

இடம்: குருநகர்
திகதி: 2025.02.20

இணைப்பு: பதிவுப் பற்றுச்சீட்டு, அடையாள அட்டைப் பிரதிகள் இரண்டு, ஜெசிதாவின் ஒப்புதல் கடிதம்.