உன் அப்பா கடைசியாக வாசித்த மழை

அன்பு மகள் யுவராணிக்கு சித்தப்பா எழுதுவது. இங்கே உன் அப்பா, அம்மா, நான், நாலு ஆடு எல்லோரும் சுகம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும்.

நம்மூர் ரேடியோ நிலையத்தை மூடிவிட்டார்கள். பாண்டிய ராஜ்ஜியம் போனதற்குப் பிறகு இந்தச் சீமையில் இதுதான் பெரிய வீழ்ச்சி. அதன் சரித்திரம் அறிந்த ஒரே பண்டிதன் நான் என்பதால் எழுதுகிறேன். எண்பத்தாறில் திருச்சுழி ரோட்டில் கோபுரம் நட்டபோது, உச்சியில் ஏறினால் இலங்கையில் காயப்போட்ட வேட்டி தெரியும் என்றார்கள். சத்தமோ பக்கத்துப் பாளையம்பட்டியைத் தாண்டினால் சட்டியில் கடுகு பொரிகிற மாதிரிதான் கேட்கும். அதில் வானிலை வாசிக்கிற உத்தியோகம் உன் அப்பாவுக்கு. முதல் வருஷமே நாளை கனமழை என்று வாசித்தார், தாலுகாவே நம்பி மல்லி விதைத்தது, சொட்டு விழவில்லை, விதையை எறும்புகள் ஏழு தலைமுறைக்குச் சேர்த்து வைத்துக்கொண்டன. அப்புறம் வறண்ட வானிலை என்றார், மொக்கையன் வீட்டுக் கல்யாணப் பந்தல் மிதந்து கண்மாய்க்குப் போனது. அன்றோடு ஊர் ஒரு வழி கண்டுபிடித்தது. டீக்கடை ஜமால் மைதீன் அண்ணன் காலையில் ரேடியோவைக் கேட்டு, மழை என்றால் கடைப் பலகையில் வெயில் என்றும், வெயில் என்றால் மழை என்றும் எழுதிவிடுவார். அதைப் பார்த்துத்தான் ஊரே விதைக்கும், காயப்போடும். உன் அப்பாவுக்கு இது தெரியாது என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தோம்.

கடைசி நாள் பங்குனி பத்து. ஊர் மிளகாய் முழுக்கக் களத்தில் காய்கிறது, பக்கத்து வீட்டுக் காளீஸ்வரிக்கு வருஷ விளைச்சலே அதுதான். உன் அப்பா தாளில் இருந்தபடி கனமழை என்று வாசித்தார், ஜமால் அண்ணன் சாக்பீஸை எடுத்து வெயில் என்று எழுதியும்விட்டார். அப்போது தாளில் இல்லாததைப் பேசினார் உன் அப்பா. "ஜமாலண்ணே, இன்னைக்கு ஒரு நா மட்டும் திருப்பி எழுதாதீக. தெக்க கருத்துட்டு வருது, நானே பாத்தேன். வத்தல அள்ளச் சொல்லுங்க." கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஜமால் அண்ணன் பலகையைக்கூட அழிக்காமல் களத்துக்கு ஓடினார், ஊரே அள்ளியது. நான் மட்டும், இத்தனை வருஷ ஆராய்ச்சியை ஒரு பேச்சுக்காகக் கைவிடுவதா என்று, என் வத்தலை விரித்தபடியே விட்டேன். மத்தியானம் கொட்டிய மழையில் திருச்சுழி வரைக்கும் ஓடை சிவப்பாகப் போனது. காளீஸ்வரி என் வாசலில் நின்று, "கூடப் பொறந்தவுகளுக்கே நம்பிக்கை இல்லையாக்கும்" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இப்போது நிலையம் பூட்டிக் கிடக்கிறது, தாள் தர ஆளில்லை. ஆனால் விடிந்தால் பத்துப் பேர் உங்கள் வாசலுக்கு வந்து, இன்றைக்கு எப்படி என்று கேட்டு, அவர் சொன்னதை அப்படியே செய்கிறார்கள். அவரும் தொண்டையைச் செருமி ரேடியோக் குரலில் எதையோ சொல்லிவிடுகிறார். மூன்று நாள் பலித்துவிட்டது. அடுத்து தப்பிவிடுமோ என்று மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. உன் போனில் உலக வானிலை எல்லாம் வருகிறதாமே. தினமும் நம்மூர் நேரம் ஐந்தரைக்குள் என் பட்டன் போனுக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிடு, உனக்கு அது நாலு மணியாம், பரவாயில்லை எழுந்திரு. இங்கே உள்ள பயல்களைக் கேட்டால் குட்டு உடைந்துவிடும். நான் தட்டான் தாழப் பறக்கிறது அது இது என்று அளந்து உன் அப்பா காதில் போட்டுவிடுகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். நாளைக்கே ஆரம்பித்துவிடு.

உன் சித்தப்பா,
பாண்டிராஜ்