பாயிண்ட் பார்க்காத கிழங்கு

9 ஜனவரி 2024
மேக்காட்டில் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு வெட்டு ஆரம்பம். இந்த வருஷம் நல்ல பருமன். நாளைக்கு அண்ணனின் ஜவ்வரிசி ஆலைக்கு முதல் லோடு. அவருக்குப் பிடிக்குமே என்று பச்சைப்பயறு கடைந்து எடுத்துப் போக வேண்டும்.

10 ஜனவரி
லோடைத் திருப்பி அனுப்பிவிட்டான் அண்ணன். நேரில் 'ங்க' போட்டே தீர வேண்டியிருக்கிறது. இங்கேயாவது அவன் 'அவன்'.

வரிசையாக டிராக்டர் நிற்க, என் கிழங்கைத் தண்ணீரில் முக்கி எடை பார்த்து, மாவு பாயிண்ட் பத்தாது, மாவுச்சத்து குறைவு என்றான். பக்கத்துக் காட்டுப் பொன்னனின் கிழங்கு போன வாரம் இதே பாயிண்டில் உள்ளே போனதே என்றேன். எல்லார் முன்னாலும் சிரித்தான்.

"அம்மிணி, நீ மண்ணுலிருந்து எடுக்கறவ. நா அதை ஜவ்வரிசி பண்றவன். யோகேஷ் அதைச் சேலத்துல விக்கறவன். மூணு படி. கீழ்ப்படியில நிக்கறவங்க சத்தம் போடக்கூடாது சாமி."

யோகேஷ் அவன் மகன், காமர்ஸ் படித்தவன். அப்பனுக்கு இந்தப் பாடத்தை அவன்தான் எடுத்திருப்பான்.

பயறைக் கொடுக்கவில்லை. வரும் வழியில் நானே தின்றேன்.

12 ஜனவரி
வெட்டிய கிழங்கு உள்ளே நீலம் பாய்ந்துவிட்டது. அந்த லோடு முழுவதும் குப்பைக்குழிக்கு.

3 பிப்ரவரி
மீதிக் கிழங்கை வெட்டமாட்டேன். "சங்ககிரிப் பக்கம் வேற ஆலைக்குக் குடுத்தரலாம் புள்ள" என்று வீட்டுக்காரர் கெஞ்சுகிறார். முடியாது. கிழங்கு மண்ணுக்குள் சித்திரை வரை கிடக்கும். அண்ணன் ஆலையில் வெறும் தொட்டியோடு நிற்கும்போது என் வரப்புக்கு வந்து கேட்கட்டும். கீழ்ப்படியை உருவிவிட்டால் மேலே இருக்கிறவன் எதன்மேல் நிற்பான்?



18 மார்ச்
சுற்று வட்டாரத்தில் எல்லாரும் வெட்டி முடித்துவிட்டார்கள். என் காடு மட்டும் நிற்கிறது.

22 ஏப்ரல்
விடாமல் கோடை மழை. செடியெல்லாம் புதுத் தளிர். தளிர் விட்டால் கிழங்கிலிருக்கிற மாவு மேலே ஏறிவிடும், உள்ளே வெறும் தண்ணீர்தான். பிடிவாதத்தால் கெட்டாயா வசந்தா? கெட்டேன்.

29 ஏப்ரல்
வந்தான். வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். வடக்கே பெரிய ஆர்டராம். ஒப்புக்கொண்ட சரக்கில் பாதிகூடக் கையில் இல்லையாம்.

"காட்டோட மொத்தமா எடுத்துக்கறேன் அம்மிணி. பாயிண்டெல்லாம் பாக்க வேண்டாம், நாளைக்கே ஆள் உடறேன்."

மழைக்குப் பிறகு, பாயிண்ட் பார்க்காமல் — ஆலைக்காரன் பேசுகிற பேச்சா இது? அவசரம் கண்ணை மறைத்துவிட்டது. 'மழை பேஞ்சிருக்குதுங்கண்ணா' என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"எடுத்துக்கங்கண்ணா" என்றேன்.

6 மே
அவன் பொண்டாட்டி, என் நங்கையா கமலவேணி போனில் அழுதாள். "தொட்டியில மாவே படியலையாம் அம்மிணி. வெறுந்தண்ணியா ஓடுதாம்."

எனக்கென்னங்க தெரியும் நங்கையா என்றேன். போனை வைத்துவிட்டு இரண்டு வாய் சோறு கூடுதலாகத் தின்றேன்.

14 ஆகஸ்ட்
ஆர்டர் கைவிட்டுப் போனதோடு ஆலை படுத்துவிட்டது. இன்றைக்கு வேறு ஆளுக்குக் கைமாறியதாம். யோகேஷ் கோயமுத்தூரில் யாரிடமோ வேலைக்குப் போய்விட்டான். இவ்வளவு வேண்டுமென்று நான் கேட்கவில்லை.

கேட்டேன். பொய் எழுதுவானேன்?

2 பிப்ரவரி 2025
வீட்டுக்கு அண்ணன் வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "ஒரு ஏக்கரா வாரத்துக்குக் குடு அம்மிணி, விளைச்சல்ல பங்கு தந்தர்றேன். குச்சி நட்டுப் பொழைச்சுக்கறேன்."

இப்படி ஒரு நாளுக்கென்று என்னென்னவோ பதில் யோசித்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டேன். மல்லசமுத்திரம் ரோட்டோரக் காட்டைக் கொடுத்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான்.

9 பிப்ரவரி
இன்று நட்டான். வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். குனிந்தான், நட்டான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான். என் பக்கம் திரும்பவே இல்லை. ரோட்டில் போனவர்களும் ஒருத்தரும் நின்று பார்க்கவில்லை. இங்கே எல்லாரும் செய்கிற வேலைதானே, என்ன இருக்கிறது நின்று பார்க்க? நானும் கொஞ்ச நேரத்தில் நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.