எதிரில் நடந்து வந்தவன்

அடி அண்ணாமலை
30.7.1999

அன்பு மகள் எழிலரசிக்கு அம்மா எழுதுவது. அண்ணாமலையார் தயவில் நானும் அப்பாவும் நலம், சினைப் பசுவும் நலம், நீ நலமாக இருக்கிறாய் என்று ஒரு வரி போட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். எல்லையில் சண்டை முடிந்துவிட்டது என்று செய்தியில் சொன்னதும் அப்பா ரேடியோவைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைத்துவிட்டார். கொல்லையில் மல்லாட்டைச் செடியும் பூ எடுத்துவிட்டது, மனசு நிறைவாக இருக்கிறது.

நேற்று முன்தினம் பௌர்ணமிக் கூட்டத்தில் நம்ம சுக்கு காபிக் கடைக்கு யார் வந்தது தெரியுமா? உன் கேஸில் மாட்டின வேன் டிரைவர் மதார்! போன பௌர்ணமிக்கு நீ வேலை பார்க்கும் ஊர்ப் பெண்களைக் கிரிவலத்துக்கு ஏற்றி வந்தவனை, அதே சாயங்காலம் அங்கே கடற்கரையில் படகுக்காரர் சக்கரவர்த்தியைக் கொன்றான் என்று உன் போலீஸ் ஸ்டேஷனில் பிடித்து வைத்தார்களே. கோயில் தெருவும் பள்ளிவாசல் தெருவும் முகம் பார்க்காத ஊர், அதோடு சண்டை நேரம், அவன் எதிரிக் கப்பலுக்கு லைட் காட்டினான், பார்த்தவரைக் கொன்றுவிட்டான் என்று ஆளுக்கொரு கதை கட்டினார்கள் என்றாயே. கூட வந்த பெண்களும் வேனை விட்டு எங்கோ போனான், விடியத்தான் வந்தான் என்று கை கழுவிவிட்டார்கள். அவர்களோடு வந்து கூட்டத்தில் தொலைந்துபோன, நினைவு தப்பும் கிழவி வெள்ளையம்மாளைத் தேடி மலையைச் சுற்றினேன் என்று அவன் சொன்னதற்கு, சாயபுக்குக் கிரிவலத்துல இன்னா வேலைனு உன் இன்ஸ்பெக்டர் சிரித்தாராம்.

அம்மா, அன்னிக்குச் சாயங்காலம் நம்ம கடைப் பக்கம் யாராவது எதிர்ல நடந்து வந்தாங்களானு நீ போனில் கேட்டதும் எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. ஊரே வலமாகப் போகிற பாதையில் ஒருத்தன் மட்டும் எதிரே வந்தால் மறக்குமா? யோவ், சாமி சுத்துற வழியில எதிர்ல வர்றியே, அறிவில்லையானு திட்டினவளே நான்தான். அவன் கோபப்படவில்லை. பின்னாடியே போனா முதுகுதாம்மா தெரியும், எதிர்ல வந்தாதான் மூஞ்சி தெரியும்னான். சுக்கு காபி கொடுத்து அனுப்பினேன். போலீஸ்காரியின் அம்மா சொன்னால் ஜோடித்த சாட்சி என்பார்கள் என்று நீ என்னை விட்டுவிட்டு, அன்று பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டே அவனைப் பார்த்த ஆராயியை அழைத்துப் போனாய். திட்டியது நான், காபி கொடுத்தது நான், ஜீப்பில் போனது அவள்! இத்தனை பேர் நடுவில் அவனை அடையாளம் காட்டினேன் என்று இன்றுவரை ஊரைக் கூட்டிச் சொல்கிறாள். போகட்டும், அதற்குப் பிறகுதானே நீங்கள் வேறு பக்கம் தேடி, படகுத் தகராறில் சக்கரவர்த்தியைக் கொன்ற அவருடைய சொந்த மச்சானைப் பிடித்தீர்கள்.

அன்றைக்குக் கை கழுவின அதே பெண்கள்தான் இந்த முறையும் அவன் வேனில் வந்தார்கள். ஒருத்தியும் அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. வெள்ளையம்மாள் மட்டும் அவன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இவன் கூட வந்தாதான் நான் நடப்பேன்னு அடம் பிடித்து, செருப்பில்லாமல் அவனையும் மலை சுற்ற வைத்துவிட்டாள். எதிரே வந்தால் இந்த முறை தானும் திட்டலாம் என்று ஆராயி காத்திருந்தாள், அவனோ கூட்டத்தோடு வலமாக வந்து நின்று அவளைப் பார்த்துச் சிரித்தான்.

ராத்திரி டியூட்டி என்று பட்டினி கிடக்காதே, அந்த மச்சான் ஆட்கள் இருக்கும் பக்கம் தனியாகப் போகாதே. ஆவணியில் லீவு போட்டு வா, பசு அதற்குள் கன்று போட்டுவிடும். மதார் ஒன்று சொல்லிவிட்டுப் போனான். ஸ்டேஷன்ல எல்லாரும் ஏன்டா போனேனுதான் அடிச்சாங்க, எந்தப் பக்கமா நடந்தேனு கேட்டது உங்க பொண்ணு ஒருத்திதாம்மானான். அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கடைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன் கண்ணு, சந்தோஷத்தில்தான்.

மலை போல நிலைத்து நீ நல்லா இருக்கணும்.

உன்னைப் பெற்றவள்,
கு. ஆதிலட்சுமி