பின் சீட்டில் உன் இடம்

அக்கா,

இரண்டு முறை சோப்புப் போட்டும் விரலில் கிரீஸ் வாடை போகவில்லை. அப்பாவின் அம்பாசிடருக்கு இன்று பின்பக்க ஸ்ப்ரிங் பட்டைகளை மாற்றியாயிற்று. உனக்காக ஆர்டர் செய்தவை. நீ போன பிறகுதான் பார்சல் வந்தது. திருப்பி அனுப்பவும் தோன்றவில்லை, அழவும் தோன்றவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு முத்தியால்பேட்டை ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

கருவடிக்குப்பம் வீட்டிலிருந்து உன் முதுகு வலிக்கு ஆஸ்பத்திரி போவதற்குள் எத்தனை வேகத்தடை! ஒவ்வொன்றிலும் வேகத்தைக் குறைத்து, "மேடு வருது, புடிச்சிக்கோ" என்பேன். "ம், புடிச்சிக்கிட்டேன்" என்று நீ சொன்ன பிறகே ஏற்றுவேன். அப்படியும் வண்டி தொம்மென்று விழும். "அப்பாவுக்கு எம்மேல என்ன கோவமோ, இந்த வண்டிய விட்டுட்டுப் போயிருக்காரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாய். ஆட்டோ பிடிக்கலாமா என்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாய்.

"ஒரிஜினல் இனிமே எங்கம்மா கெடைக்கும்? வேற கம்பெனி பட்டதான். ஆனா மெத்துனு போவும்" என்று மெக்கானிக் பாய் அப்போது சொன்னாரே, அந்த 'மெத்து'க்காகத்தான் காத்திருந்தோம்.

இன்று பட்டைகளை மாட்டி, ஜாக்கியை இறக்கிவிட்டு, "போல்ட்ட இப்பவே முறுக்கக் கூடாதும்மா. எப்பவும் ஏத்தற வெயிட்டோட நிக்கும்போதுதான் முறுக்கணும், இல்லன்னா ரப்பர் புஷ் கிழிஞ்சிடும். பின்னாடி யாரு உக்காருவாங்க?" என்று கேட்டார். உன் செய்தி அவருக்குத் தெரியாது. நான் பின்கதவைத் திறந்து உன் இடத்தில் உட்கார்ந்தேன்.

இத்தனை வருடமும் ஓட்டியவள் நான். அங்கே உட்கார்ந்ததே இல்லை. எதிரே கண்ணாடியில் என் சீட் தெரிந்தது, காலியாக. உன்னைப் பார்ப்பதற்காக நான் திருப்பி வைத்த கண்ணாடி. நீயும் வழியெல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறாய்.

பாய் குனிந்து பார்த்துவிட்டு, "பத்தலம்மா, நீங்க ஒல்லி" என்றார். ஒரு மணல் மூட்டையைத் தூக்கி வந்து பக்கத்தில் வைத்தார். உன் உடம்பை எவ்வளவு கேலி செய்திருப்பேன்! கீழே ஸ்பேனர் சத்தம் ஓயும்வரை மூட்டைமேல் கை வைத்தபடி இருந்தேன். அப்போதும் அழுகை வரவில்லை.

திரும்பும் வழியில் முதல் வேகத்தடை.

"மேடு வருது, புடிச்சிக்கோ."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. நீ பதில் சொல்லும் நேரம்வரை நின்றேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். ஏற்றி இறக்கினேன்.

விழுந்ததே தெரியவில்லை அக்கா. அவ்வளவு மெத்தென்று இருந்தது.

அடுத்த மேட்டிலும் சொல்லிவிட்டுத்தான் ஏற்றினேன்.