உமி இல்லாத சுவர்

ஆரம்பாக்கம்
19-5-1974

அன்பு மகள் சந்திரகலாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், கான்பூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும். வேறு யாராவது எழுதி உனக்குத் தெரியுமுன் நானே எழுதிவிடுகிறேன்.

உன் தம்பி சுப்பிரமணி வேலை செய்யும் ஐஸ் கம்பெனியில் புதிதாகக் கிடங்கு கட்டினார்கள், இரண்டு சுவர் எழுப்பி நடுவில் உமியைத் திணித்தால் வெளிச்சூடு உள்ளே வராதாம். ஆனால் அடுக்கிய ஐஸ் பாளமெல்லாம் ஒரே நாளில் பாதியாகக் கரைந்துவிட்டது. மேனேஜர் பரசுராமன் இவனைப் பிடித்துக்கொண்டு, கதவத் தொறந்து போட்டுக்கினு தூங்கினியாடா என்று பாளம் இழுக்கிற இரும்புக் கொக்கியாலேயே அடித்திருக்கிறான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வலது தோள் எலும்பு முறிந்து, காது கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தமாக மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள்.

உன் நைனா கடப்பாரையை எடுத்துக்கொண்டு நடந்தார், நான் பின்னாலேயே ஓடினேன். கிடங்குக்குள் போய்ச் சுவரைத் தடவினார். இடுப்பு உயரத்துக்குக் கீழே சுவர் சில்லென்று இருந்தது, மேலே வெதுவெதுப்பு, நானும் தொட்டுப் பார்த்தேன். தட்டினால் காலிப் பானை மாதிரிச் சத்தம். இங்க உமியே இல்லியே, இன்னாத்த வச்சிக் கட்டினீங்க என்று ஓங்கிக் குத்தினார். நாலு குத்தில் செங்கல் பெயர்ந்தது, உள்ளே வெறும் பொந்து, அடியில் மட்டும் கொஞ்சம் உமி. சுவரைக் கட்டினவன் மேனேஜரின் மச்சான் என்று கூலியாட்கள் அப்போதுதான் சொன்னார்கள். அதற்குள் பரசுராமன் ஓடிவந்து, உன் புள்ளைய இன்னும் நாலு போட்டிருக்கணும் என்றான். நைனா திரும்பி அதே கடப்பாரையை அவன் முழங்காலில் இறக்கினார். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் கீழே விழுந்து கும்பிட்டான். நைனா மறுபடியும் ஓங்கினபோது நான் பக்கத்தில்தான் நின்றேன், கையைப் பிடித்திருக்கலாம், பிடிக்கவில்லை.

அந்தக் கால் இனி மடங்காதாம். நைனா பொன்னேரி சப்ஜெயிலில் இருக்கிறார். கை தவறிக் கடப்பாரை விழுந்தது என்று சாட்சி சொல்லும்மா, போதும் என்கிறார் நம் வக்கீல் வீரராகவன். நைனாவிடம் போய்க் கேட்டேன். நீ பார்த்தத சொல்லு, ரெண்டாவது அடி நான் அடிச்சிருக்கக் கூடாது என்றார். முதல் அடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சுப்பிரமணி இடது கையால் சாப்பிடப் பழகுகிறான். நீ மாசமாக இருக்கும்போது ரயிலேறி வராதே, வேளைக்குச் சாப்பிடு. உனக்கும் மாப்பிள்ளைக்கும் பெருமாள் துணையிருக்கட்டும். ஜூன் மூன்றாம் தேதி கோர்ட்டில் என்னைக் கூப்பிடுவார்கள், மறக்காமல் அன்றைக்கு ஒரு விளக்கு ஏற்று. எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன், நான் சும்மா நின்றதையும்.

இப்படிக்கு, உன் அம்மா
கங்கம்மா